தெற்கே போன உப்பரசிக்குப்பம்

“மனுஷன் ஊரை விட்டுப் போவான், அது சகஜம், ஆனா ஊரு இருக்கே, அது...” என்று என் கல்யாண வரவேற்பில் பெரியப்பா மைக்கைப் பிடித்துப் பேசியதில் இவ்வளவுதான் நினைவிருக்கிறது, ‘அது’ என்ற இடத்தில் மைக் கீச்சிட்டது, அவர் முடித்துவிட்டார் என்று எண்ணி மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், பெரியப்பாவோ நிறுத்தாமல் உதடுகளை அசைத்து மிச்சத்தையும் சொல்லி, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்திக்குப் போனார். அந்த மிச்சம் என்னவென்று கேட்டுக்கொள்ள அப்போது தோன்றவில்லை. தோன்றிய காலத்தில் அவர் இல்லை.

குர்கானில் என் வேலை போனபோது எனக்கு நாற்பத்தேழு வயது. கடலூருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேறு வேலை கிடைத்தது. இதையும் விட்டால் என் வயதுக்கு இன்னொன்று தேடி வராது என்பது எனக்கும் தெரியும், என் மனைவி வசுமதிக்கும் தெரியும். பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கைபேசியில் வரைபடத்தைத் திறந்தோம்.

“சென்னையில ஒரு ஃபிளாட் பாருங்க. நீங்க வாராவாரம் வந்து போங்க,” என்றாள்.

“இத்தனை வருஷம் தூசியைத் தின்னாச்சு வசு. வேலைக்குப் போய் வர்ற தூரத்துலயே கடல் இருக்கு. அதை விட்டுட்டு எதுக்குச் சென்னை?”

“கடல் உங்களுக்கு. எனக்கு அங்க என்ன இருக்கு?”

நான் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

“சரி. ஆனா ஒண்ணு, ஒரு மணி நேரத்துக்கு மேல பயணம் ஆகக்கூடாது. ஆச்சுன்னா அன்னைக்கே நான் பெட்டியைக் கட்டிடுவேன். சோத்தை மூடி வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பொழப்பு எனக்கு வேண்டாம்.”

அலுவலகத்தை நடுவில் வைத்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். அந்த வட்டம் கடலைத் தொட்ட இடங்களில் ஓர் ஊரில் சொகுசு விடுதிகள், ஓர் ஊரில் குடிதண்ணீர் இல்லை, ஓர் ஊரில் வெளியாட்களுக்கு வீடு தருவதில்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருடைய மாடிவீடு காலியாக இருந்த உப்பரசிக்குப்பம் மிஞ்சியது. தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வெயிலில் வதங்கிய துளசித் தொட்டியோடு, ஆனி மாதக் காற்றில் அங்கே வந்து இறங்கினோம்.

பக்கத்து வீட்டு தேசம்மா, மீன் விற்கிறவள், இடுப்பில் கூடையோடு நின்று லாரியை வேடிக்கை பார்த்தாள்.

“என்னா தங்கச்சி, இத்தனை பொட்டி? டெல்லியில எதனா மிச்சம் வச்சிட்டு வந்தீங்களா, இல்லியா?”

“இவருக்குக் கடல் பாக்கணுமாம்க்கா,” என்றாள் வசுமதி, என்னைக் கண்ணால் காட்டி.

“பாக்கட்டும், பாக்கட்டும். எங்க வூட்டு ஆளு முப்பது வருசமா அதுக்குள்ளயே கெடக்குது, அதைப் பாரேன்னு நான் யாரையும் கூப்புடலியே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காலையில் நான் கிளம்பும்போது கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும், திரும்பும்போது கறுத்திருக்கும். நடுவில் அது நீலமாக இருக்கும் நேரமெல்லாம் வசுமதியுடையது. அவள் முதலில் தேசம்மாவிடம் மீன் கழுவக் கற்றாள், பிறகு மீனவப் பெண்களின் பேச்சைக் கற்றாள், பிறகு அந்தப் பேச்சில் எதிர்ப்பேச்சு பேசக் கற்றாள். உப்பரசி அம்மன் திருவிழாவில் நாட்டார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்கும் பரிவட்டம் கட்டினார். ஊர்த்தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். தெய்வசிகாமணி நாட்டார், எண்பது வயதிலும் வலையை ஒரே வீச்சில் விரிக்கிறவர். ஊரில் குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஒரு சொல். அன்றிலிருந்து நானும் ஒரு தலைக்கட்டு, வெளியாள் ஒருவன் அப்படி ஆவது அந்த ஊரில் முதல் முறை என்றார்கள். அன்று மனத்துக்குள் நான் பெட்டிகளையெல்லாம் கடைசியாகப் பிரித்து முடித்தேன்.

ஊர் நகரத் தொடங்கியது அதற்கு அடுத்த பங்குனியில். சத்தமில்லை, நடுக்கமில்லை, ஒரு நாள் காலையில் பேருந்துக்காக வந்து நின்றேன், நிழற்குடை வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் தனியாக நின்றது. கண்டக்டர் பக்கிரி படியில் தொங்கியபடி, “ஓடியாங்க சார், உங்க ஊரு கொஞ்சம் தள்ளிக்கிச்சு,” என்றார். மறுநாள் இன்னும் கொஞ்சம். வீடுகளும் கோயிலும் கிணறும் கிணற்றுத் தண்ணீரும் தென்னைகளும் மின்கம்பங்களும் வலை காயப்போட்ட கொடிகளும் இருந்த வரிசை குலையாமல், மேய்கிற மாடு நாம் பார்க்காத நேரத்தில் தள்ளிப் போவதுபோல, தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தன.

இதை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இதற்கு என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள். மின்வாரியத்து ஆட்கள் வந்து தலையைச் சொறிந்துவிட்டுக் கம்பிகளைக் கொஞ்சம் தொய்வாக விட்டுப் போனார்கள். தபால்காரர் பேருந்தில் ஏறி, “இன்னிக்கு எங்க இருக்குது?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். ரேஷன் கடைக்காரர், ஊர் வேறு தாலுகாவுக்குள் நுழைந்தால் தன்னால் அரிசி போட முடியாது என்று முன்கூட்டியே எச்சரித்தார். அதற்குத் தேசம்மா, “அப்ப எல்லைக்கோட்டுல நின்னு வீசி எறி, நாங்க புடிச்சிக்கிறோம்,” என்றாள். சுடுகாடு மட்டும் மற்றவற்றைவிட மெதுவாக வந்தது, கிழவர்கள் அதற்கொன்றும் அவசரமில்லை என்றார்கள். பக்கத்துக் குப்பத்தைத் தாண்ட வேண்டி வந்தபோது நாட்டார் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு போய், “எங்க ஊரு இந்தப் பக்கமா கடக்குது, கொஞ்சம் வழி விடணும்,” என்று முறைப்படி கேட்டார். அவர்களும் முறைப்படி படகுகளை ஒதுக்கினார்கள். இரண்டு ஊரும் ஒன்றின் ஊடாக ஒன்று கடந்துபோன அந்த வாரத்தில் எதிரெதிர் வாசல்களில் இரண்டு கல்யாணங்கள் நிச்சயமாயின, ஓர் ஆட்டுக்குட்டி ஊர் மாறிப் போய்ச் சண்டையும் வந்தது.

மீனவர்களுக்கு இதனால் குறையில்லை, கடல் எங்கும் கடல்தான். எனக்குத்தான் முக்கால் மணி நேரப் பயணம் ஒரு மணி நேரமாகி, அதைத் தாண்டி, ஒன்றரையாகி, அலுவலகத்தில் மேலாளர் என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற நிலைமை வந்தது. வசுமதி பெட்டி கட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தேசம்மா வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நானே கேட்டேன். ஊரை நிறுத்த ஏதாவது வழி உண்டா, என் வேலை போய்விடும் போலிருக்கிறது, இந்த வயதில் போனால் வராது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாட்டார் கூட்டத்தைப் பார்த்து, “நம்ம ஊரு ஆளு கேக்குறாரு,” என்றார், அவ்வளவுதான். எல்லாத் தலைக்கட்டுகளும் கோயிலைச் சுற்றி உட்கார்ந்து, ஓடுகிற படகைக் கரையில் அழுத்திப் பிடிப்பதுபோல, வலது உள்ளங்கையை மணலில் பதித்தார்கள். ஊர் நிற்கவில்லை. “சார், உங்க கையும்,” என்றார் நாட்டார். குனிந்து வைத்தேன். அடியில் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. தென்னைகளின் நிழல்கள் அசைவதை நிறுத்தின.

“இனிமே தலைக்கட்டு அத்தனையும் சம்மதிச்சாத்தான் இது நகரும்,” என்று நாட்டார் எழுந்து வேட்டியை உதறினார். “நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க.”

அந்த மழைக்காலம் முழுக்க, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடாத பயணத்தில், நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, எனக்காக ஓர் ஊர் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சின்ன வயதில் என்னைப் பள்ளியில் பாதி நாள் ஆங்கிலத்தில் பேச வைத்தார்கள், பாதி நாள் தமிழில். இரண்டிலும் நான் சொந்தக்காரனாக உணர்ந்த இடம் என்று எதுவும் இருந்ததில்லை, குர்கானில் எந்த மொழியிலும் இல்லை. இப்போது மணலில் என் கை பதிந்த ஓர் இடம் இருந்தது.

தையில் மீன் குறைந்தது. தெற்கே போய்விட்டது என்றார்கள். படகுகள் விடியலில் போய், வலையில் விற்க உதவாத சொறி மீனும் பாசியுமாகத் திரும்பின; என் வீட்டுக்குத் தவறாமல் வந்த பங்கு மீன் சின்னதாகி, பிறகு நின்றது. நான் பேருந்துக்கு நடக்கும்போது வலை பின்னுகிறவர்கள் பேச்சை நிறுத்தி, நான் போனதும் தொடர்ந்தார்கள். தேசம்மா என்னைச் சீண்டுவதை விட்டுவிட்டு மரியாதையாகப் பேசத் தொடங்கினாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வசுமதி அலமாரியின் மேல்தட்டிலிருந்த கண்ணாடிச் சாமான்களைக் கீழே இறக்கித் துணி சுற்றி வைத்தாள். ஏன் என்றேன். “தூசி,” என்றாள்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை மாலை, பக்கிரி வழக்கம்போல விசில் ஊதி, “உப்பரசிக்குப்பம் எறங்கு,” என்றவர், ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“இருங்க சார். ஊரக் காணோம்.”

பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். மணல் இருந்தது. வீடுகள் இருந்த இடங்களில் சதுரம் சதுரமாக ஈரம் இருந்தது. கடல், நான் பார்க்க வேண்டும் என்று அத்தனை தூரம் வந்த கடல், எந்தக் கூரையும் மறைக்காமல் முழுசாகத் தெரிந்தது. பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தார்.

“காலையில நீங்க பஸ் ஏறுன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கெளம்பிடுச்சுங்க. கட்டுன மாட்டை அவுத்து விட்டாப்புல, என்னா வேகம்! உங்க வூட்டம்மாவைக்கூடப் பாத்தேன். மாடியில துணி காயப் போட்டுக்கிட்டே போனாங்க. கையாட்டுனாங்க.”

“எனக்கா?”

“எனக்குத்தான்,” என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

கைபேசியில் அழைத்தேன், நான் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். சிதம்பரத்தில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, கடற்கரைச் சாலையில் பேருந்து மாறி மாறி, இறங்கிய இடமெல்லாம் “இந்தப் பக்கமா ஒரு ஊரு போச்சா?” என்று கேட்டுக்கொண்டு போனேன். போச்சு என்றார்கள், விடிகாலையில் போச்சு, நல்ல மரியாதையான ஊரு, போற வழியில் எங்க களத்தை மிதிக்காம சுத்திக்கிட்டுப் போச்சு என்றார்கள். கொள்ளிடத்தை எப்படித் தாண்டியது என்று ஒரு படகுத்துறையில் கேட்டேன். “எப்படின்னா? பொம்பளைங்கல்லாம் பொடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கிட்டாங்க, தாண்டிடுச்சு,” என்றார் துறைக்காரர்.

தரங்கம்பாடியும் தாண்டிய பிறகு, பிற்பகலில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே அது போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இப்போது களைத்து ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. மெதுவாக ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொள்வதுபோல, கூடவே நாலடி நடந்து ஊருக்குள் ஏறினேன். எல்லா வாசலிலும் மீன் குழம்பு வாசனை. கோயிலைச் சுற்றித் தலைக்கட்டுகள் எல்லோரும் உள்ளங்கையை மணலில் பதித்து வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் வசுமதி.

“வந்துட்டாரு,” என்று தேசம்மா சொன்னாள். அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது, அதுதான் என்னைச் சுட்டது.

“நாட்டாரே, சொன்னீங்களே,” என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையதுபோலக் கேட்டது. “எல்லாரும் சம்மதிச்சாத்தான் நகரும்னு சொன்னீங்களே.”

“சொன்ன சொல்லு அப்படியே நிக்குது சார். எல்லாரும் சம்மதிச்சாங்க. உங்க வூடும் சம்மதிச்சுது.”

“என்னை யாரும் கேக்கலையே!”

“நீங்க கடலுக்குப் போயிருந்தீங்க.”

“நான் ஆபீசுக்குப் போயிருந்தேன்.”

“கருக்கல்ல எழுந்து போறீங்க, பொழுது சாஞ்சு வர்றீங்க, போன எடத்துல உங்களுக்கு என்னா நடக்குதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது, வந்து சொல்றதும் இல்ல. அதுக்குப் பேரு கடலுதான்.” நாட்டார் கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்திப் பேசினார். “ஆம்பளை கடலுக்குள்ள இருக்கறப்ப வூட்டம்மா சொல்லு வூட்டோட சொல்லு. எங்க பாட்டன் காலத்துலேருந்து இதான் வழக்கம். உங்களுக்குன்னு தனியா மாத்தல, உங்களை வெளியாளா நெனைக்கல.”

நான் வசுமதியைப் பார்த்தேன். அவள் முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். நெற்றியில் உப்பு காய்ந்திருந்தது.

“ஒரு மணி நேரம்னு சொன்னது நீ.”

“சொன்னேன். அப்ப எனக்கு இந்த ஊரைத் தெரியாது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வசு.”

“சொன்னா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க.”

“அதனால?”

“அதனால சொல்லல.” அவள் கண்ணை விலக்கவில்லை. “இங்க அடுப்பு எரியாம எத்தனை வீடு கெடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஒரு வீட்டுக்காக. நம்ம வீட்டுல மட்டும் மாசம் பொறந்தா சம்பளம். தேசம்மாக்கா என் முகத்தைப் பாக்காம கூடையை எடுத்துக்கிட்டுப் போவாங்க. நான் தினமும் அந்த வாசல்ல நின்னேன், நீங்க பஸ்ஸுல உக்காந்திருந்தீங்க. அந்த வட்டம் போட்டீங்களே, நடுவுல எதை வச்சீங்க? உங்க ஆபீஸை. அதுல நான் எங்க இருந்தேன்?”

“நீதான் என்கூட வந்தே.”

“வந்தேன். வந்துட்டேன்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் உண்மையாக இருந்ததால் எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. எனக்கு முன்னால் ஓர் ஊர் முழுக்க, கண்ணியமாக, வழக்கம் தவறாமல், என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. போகும்போது என் மனைவி யாருக்கோ கையாட்டிக்கொண்டு போயிருந்தாள்.

“பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்,” என்றார் நாட்டார். அவருடைய கை மணிக்கட்டு வரை மணலில் புதைந்திருந்தது. “மீனு இந்தக் கடல்லதான் நிக்குது. இங்க நிறுத்தணும். நேத்து ராவுலேருந்து புடிச்சுப் பாக்குறோம், நிக்கல. உங்க கை ஒண்ணுதான் பாக்கி. இது தெற்க பாத்துத்தான் போகுது சார், அதுக்குத் திரும்பத் தெரியாது. கோடியக்கரையில கரை மேற்க மடங்குது. இது மடங்காம நேரா உள்ள போயிடும்.”

“அவளை வைக்கச் சொல்லுங்க. நேத்து அவ சொல்லு செல்லுச்சு இல்ல?”

“நீங்க கரையில நிக்கிறீங்களே. நீங்க நிக்கிற வரைக்கும் அவங்க கை செல்லாது. ஒண்ணு, நீங்க வைக்கணும். இல்ல, நீங்க கடலுக்குப் போயிருக்கணும்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் மாடியில் என் சட்டைகள் கொடியில் ஆடிக்கொண்டு கூடவே வந்தன. காலடியில் மணல் தெற்கே இழுத்தது. சாலையில் வடக்கே போகிற பேருந்து ஒன்று, பக்கத்தில் ஓர் ஊர் போவதைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது.

“வைங்க,” என்றாள் வசுமதி. பிறகு, நான் சாலைப் பக்கம் திரும்புவதைக் கண்டு, குரலைத் தாழ்த்தி, “போனா, திரும்பி வருவீங்களா?” என்றாள்.

நான் மணலில் கை வைக்காமல், தினமும் கருக்கலில் வேலைக்குக் கிளம்புவதுபோலவே சாலைக்கு நடந்து, அந்தப் பேருந்தில் ஏறிக் கடலூருக்கு டிக்கெட் எடுத்தேன்.